சூதுக்கு அளவு உண்டா?

அய்யா துணை



இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். உச்சிப்படிப்பு முடிந்த நேரம். காட்டுப்பாக்கத்தில் குடியிருக்கும் ஒரு தம்பி, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை வண்டியில் வைத்து நிழல்தாங்கலுக்குக் கொண்டு வருகிறான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. நெற்றியில் திருநாமம், தலையில் தலைப்பாகை, எல்லாம் முறையாக இருக்கிறது. "அன்னதர்மத்துக்கு" என்று சொல்லி மூட்டையை இறக்குகிறான்.

பணிவிடை செய்யும் பெரியவர், "என்னப்பா விசேஷம்?" என்று கேட்கிறார்.

"போன்ல ரம்மி ஆடுனேன் அண்ணாச்சி. பதினெட்டாயிரம் விழுந்துச்சு. அய்யாவுக்கு ஒரு பங்கு குடுக்கணும்னு தோணுச்சு."

பெரியவர் மூட்டையைப் பார்க்கிறார், தம்பியைப் பார்க்கிறார். பக்கத்தில் நின்ற ஒருவர், "அரிசி அரிசிதானே? பசிச்சவன் வயித்துக்குப் போனா தர்மம்தான்" என்கிறார். இன்னொருவர், "வேண்டாம், திருப்பிக் கொண்டு போகச் சொல்லுங்க" என்கிறார். தம்பிக்கு முகம் வாடிவிடுகிறது. "நான் திருடலையே அண்ணாச்சி? அது திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லிருக்கே?" என்று கேட்கிறான்.

அந்த மூட்டையை வாங்கலாமா, கூடாதா? கேள்வி சின்னதாகத் தெரிகிறது. ஆனால் அரசாங்கங்களும் நீதிமன்றங்களும் பல ஆண்டுகளாக விடை தேடிக்கொண்டிருப்பது இதே கேள்விக்குத்தான். சூதுப் பணத்தில் நல்லது செய்யலாமா? சூதை எந்த அளவு வரை விடலாம்? அளவு என்று ஒன்று அதற்கு உண்டா?

வியாபாரமும் சூதும்

காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், குமணன்சாவடி, பூந்தமல்லி என்று இந்தப் பக்கம் எங்கே போனாலும் தென்மாவட்டத்து மக்களின் மளிகைக்கடை ஒன்று கண்ணில் படும். ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறி வந்து, மாமா கடையில் பொட்டலம் மடித்துப் பழகி, பிறகு தனிக்கடை போட்டவர்கள் எத்தனையோ பேர். விடியற்காலை கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் ஷட்டர் இறங்கும். அவர்களும் லாபம் பார்க்கிறார்கள். அந்த லாபத்தில் குற்றம் இல்லை. ஏன்? ஒரு கிலோ துவரம்பருப்பை விற்றால் கடைக்காரருக்குக் காசு வந்தது, வாங்கியவர் வீட்டில் அன்றைக்குக் குழம்பு கொதித்தது. இரண்டு பேருமே பெற்றுக்கொண்டார்கள்.

சூதில் அப்படி இல்லை. ஒருவன் பையில் பதினெட்டாயிரம் ஏறியது என்றால், பல பேர் பையிலிருந்து அதைவிட அதிகமாக இறங்கியிருக்கிறது. "அதைவிட அதிகம்" என்று ஏன் சொல்ல வேண்டும்? நடுவில் மேசை போட்டவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பேர் தலைக்கு நூறு ரூபாய் வைக்கிறார்கள். மொத்தம் 1,000. ஒரு சுற்றுக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் மேசைக்காரன் எடுத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொண்டால், முதல் சுற்றில் 900 மிஞ்சும். அதையே திரும்ப வைத்து ஆடினால் 810. அடுத்து 729. இப்படியே போனால் ஏழாவது சுற்று முடியும்போது பத்துப் பேரிடமும் சேர்த்து 478 ரூபாய்தான் இருக்கும். யார் ஜெயித்தது, யார் தோற்றது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே பாதிக்கு மேல் போய்விட்டது. மளிகைக்கடையில் எடை போடத் தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்கு புரியும். இதில் ஒரு பிடி அரிசி விளையவில்லை, ஒரு முழம் துணி நெய்யப்படவில்லை.

இது பழைய செய்திதான். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரமாகச் சூதை வைத்தார். அதற்கு அடுத்தது மருந்து. வரிசையைப் பார்த்தாலே போதும்.

பசிக்கு எல்லை உண்டு, சூதுக்கு இல்லை

ஒரு தெருவில் மூன்று மளிகைக்கடை இருக்கிறது. நான்காவதாக ஒன்று வந்தால் என்ன ஆகும்? தெருக்காரர்கள் அதற்காக ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிடப் போவதில்லை. இருக்கிற வியாபாரம் நான்காகப் பிரியும், ஒரு கடை மூடும். வயிற்றுக்கு எல்லை உண்டு என்பதால் கடைக்கும் எல்லை உண்டு.

சூதாட்ட விடுதிகளுக்கும் இப்படி ஒரு எல்லை தானாக வந்துவிடும், அரசு தலையிட வேண்டியதில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் கடலோரமாக அட்லாண்டிக் சிட்டி என்று ஒரு ஊர். நலிந்து போன ஊரைத் தூக்கி நிறுத்தலாம் என்று 1976-இல் அந்த மாநில மக்கள் வாக்களித்துச் சூதாட்ட விடுதிகளை அனுமதித்தார்கள். 1978-இல் முதல் விடுதி திறந்தது. பல ஆண்டுகள் பணம் கொட்டியது. அதைப் பார்த்து பக்கத்து மாநிலங்களும் விடுதிகளைத் திறந்தன. ஆடுகிறவர்கள் பிரிந்து போனார்கள். 2014 தொடக்கத்தில் அந்த ஊரில் 12 விடுதிகள் இருந்தன. அந்த ஒரே வருடத்தில் 4 மூடப்பட்டன. சுமார் 8,000 பேர் வேலை இழந்தார்கள். மூடியவற்றில் ஒன்று, 240 கோடி டாலர் செலவில் கட்டி, திறந்து இரண்டரை வருடம்கூட ஆகாத கட்டடம்.

ஆகவே சந்தை தானே அளவு வைத்துவிட்டது என்று சொல்லலாமா? பொறுங்கள். விடுதிகள் தள்ளாடத் தொடங்கிய அதே காலத்தில், 2013 நவம்பரில், அந்த மாநிலம் சூதாட்டத்தைக் கணினிக்கும் கைபேசிக்கும் கொண்டுவந்தது. ஆள் மேசைக்கு வராவிட்டால் மேசை ஆளிடம் போகட்டும் என்று ஆயிற்று. கட்டடத்துக்கு அளவு வந்தது, சூதுக்கு வரவில்லை. நிரம்பிய குளம் கரையை உடைத்துக்கொண்டு வயலுக்குள் பாய்ந்தது போலத்தான் அது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். அந்தப் பழமொழி அமிர்தத்துக்குச் சொன்னது. நஞ்சுக்கு எந்த அளவு சரியான அளவு?

அவரவர் போட்ட வேலி

அளவு தானாக வராது என்று தெரிந்த அரசுகள் வேலி போட்டுப் பார்த்தன. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு சூதாட்ட விடுதிகள் திறந்தன. இரண்டுக்கு மேல் அனுமதி இல்லை. அந்நாட்டுக் குடிமகனோ நிரந்தரவாசியோ உள்ளே போக வேண்டுமானால் ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். 2019-இல் அதை 150 வெள்ளி ஆக்கினார்கள். அரசின் உதவித்தொகையில் வாழ்பவர் போக முடியாது. வீட்டில் ஒருவர் சூதில் விழுந்தால், அவரை உள்ளே விடாதீர்கள் என்று குடும்பத்தாரே விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பயணிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை.

நம் நாட்டில் கோவாவில் மாண்டவி ஆற்றில் கப்பல்களில் சூதாட்டம் நடக்கிறது. கோவா மக்கள் அங்கே போய் ஆடக் கூடாது என்று அந்த மாநில அரசு 2020-இல் தடை போட்டது. வெளியூரிலிருந்து வருபவர் ஆடலாம்.

இந்த வேலிகளால் சில குடும்பங்கள் பிழைத்திருக்கும். அதை மறுக்க வேண்டாம். வீட்டார் கையில் ஒரு பூட்டைக் கொடுத்தது நல்ல யோசனை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஓர் உண்மையை அந்த வேலியே காட்டிக்கொடுக்கிறது. தன் பிள்ளை தொடக் கூடாது என்று ஒரு பொருளை ஒளித்து வைப்பவன், அதையே அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விற்கிறான் என்றால், அது என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியும். அய்யா சொன்ன தர்மத்தில் தன் பிள்ளை, பிறர் பிள்ளை என்ற கணக்கு கிடையாது. முந்திரிக் கிணற்றில் எல்லாச் சாதிக்கும் ஒரே தண்ணீர் இறைத்துக் காட்டியவர் அவர். ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கும் ஆகாது.

தமிழ்நாடு கண்ட பாடம்

வெளியூரைச் சொல்லிவிட்டு நம் ஊரைச் சொல்லாமல் விடக் கூடாது. 1968-இல் தமிழ்நாடு அரசே பரிசுச்சீட்டு நடத்தத் தொடங்கியது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு லாபம், விழாவிட்டால் நாட்டுக்கு லாபம் என்ற பொருளில் அதற்கு விளம்பரம் செய்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் வேண்டும். நம் தம்பி அரிசி மூட்டை கொண்டு வந்ததும் இதே நல்லெண்ணத்தில்தான்.

நடந்தது என்ன? விழாத சீட்டு யார் சட்டைப் பையில் இருந்தது? பெரும்பாலும் கூலிக்காரன் பையில். அவன் கொடுத்ததை வரி என்று சொல்லவில்லை. ஆனால் வரியைப் போலவே, வரியைவிடக் கனமாக, இல்லாதவன் தலையில்தான் அது இறங்கியது. அய்யா உலகில் இருந்த 1809 முதல் 1851 வரையான காலத்தில் திருவிதாங்கூர் அரசு ஏழைகளின் தலைக்கும் பனைக்கும் வரி வாங்கியதைத் தெற்கத்தி மக்கள் மறக்கவில்லை. அது அடித்து வாங்கியது. இது ஆசை காட்டி வாங்கியது.

அரசுப் பரிசுச்சீட்டு 1975-இல் நிறுத்தப்பட்டது. பிறகு 1980-களில் மீண்டும் வந்தது. வெளிமாநிலச் சீட்டுகளும் பெட்டிக்கடை தோறும் தொங்கின. கடைசியில் 2003 ஜனவரியில் தமிழ்நாடு எல்லாப் பரிசுச்சீட்டு விற்பனையையும் தடை செய்தது. வரும்படி போனாலும் போகட்டும் என்று ஒரு மாநிலம் முடிவெடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. அடுத்த மாநிலமான கேரளம் 1967-இல் தொடங்கிய சீட்டை இன்றும் நடத்துகிறது. களியக்காவிளை தாண்டிப் போய் வாங்கி வருபவர்கள் உண்டு என்பதும் தெரிந்த கதைதான்.

பிறகு கைபேசி வந்தது. பெட்டிக்கடையில் தொங்கிய சீட்டு படுக்கைக்குள் வந்துவிட்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2020 நவம்பரில் தமிழ்நாடு அவசரச் சட்டம் போட்டது. அதைத் தொடர்ந்து வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2022-இல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கைக்குப் பிறகு மறுபடியும் சட்டம் இயற்றினார்கள். ஆளுநர் திருப்பி அனுப்பினார். பேரவை இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பியதும் 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்த பகுதியை மட்டும் நீக்கியது. 2025 பிப்ரவரியில் புதிய விதிகள் வந்தன. ஆதார் சரிபார்ப்பு வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது. அவற்றை நீதிமன்றம் ஜூன் மாதம் ஏற்றது.

நள்ளிரவு 12 முதல் 5 வரை என்று சட்டத்தில் எழுத வேண்டி வந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். மனைவி மக்கள் தூங்கிய பிறகு போர்வைக்குள் வெளிச்சம் எரிந்த வீடுகள் எத்தனை இருந்தால் அப்படி ஒரு விதி தேவைப்படும்!

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, திறமை ஆட்டமானாலும் அதிர்ஷ்ட ஆட்டமானாலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. நடத்துபவனுக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவனுக்குத் தண்டனை இல்லை.

திறமை என்ற கேள்வி

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். அவன் பொய் சொல்லவில்லை. ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லியிருக்கிறது. குதிரைப் பந்தயமும் அப்படியே என்று 1996-இல் சொன்னது. சட்டத்துக்கு அந்தக் கேள்வி தேவை. எதைத் தண்டிக்கலாம், எதை விடலாம் என்று அது கோடு போட வேண்டும்.

தர்மம் கேட்பது வேறு கேள்வி. திறமையால் ஜெயித்தாய் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் உன்னைவிடத் திறமை குறைந்தவனிடமிருந்து அல்லவா எடுத்தாய்? புதிதாக வந்தவன், கடன்பட்டவன், தூக்கம் கெட்டவன், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று பதறி ஆடியவன், இவர்களிடமிருந்துதான் அந்தப் பதினெட்டாயிரம் வந்தது. அவர்கள் முகம் உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எடுத்திருப்பாயா? அவன் பக்கத்துத் தெருக்காரனாகவே இருக்கலாம்.

"என் பணம், நான் ஆடுகிறேன், யாருக்கு என்ன?" என்று கேட்பவர்களும் உண்டு. வளர்ந்த மனிதனைக் கையைப் பிடித்துத் தடுப்பது அவன் சுதந்திரத்தைப் பறிப்பதாகாதா என்கிறார்கள். ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. மனிதன் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அய்யா தலைப்பாகை கட்டச் சொன்னார். ஆனால் வீட்டில் இருக்கும் பணத்தில் எது ஒருவனுக்கு மட்டும் சொந்தம்? மனைவி மாதாமாதம் கட்டிய சீட்டுப் பணம், அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணம், தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், எல்லாம் ஒரே வங்கிக் கணக்கில்தான் கிடக்கிறது. தர்மபுத்திரர் நாட்டை வைத்தார், தம்பிமாரை வைத்தார், தன்னையே வைத்தார், கடைசியில் பாஞ்சாலியை வைத்தார். தன்னையே தோற்றுவிட்டவர் தன்னை எப்படிப் பணயம் வைக்க முடியும் என்று அவள் கேட்டாள். சபையில் இருந்த பெரியவர்கள் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் அதே கேள்வி சமையலறையில் நின்று கேட்கப்படுகிறது. பதில்தான் இல்லை. விட்டதைப் பிடிக்க ஓடுபவன் கையில் சுதந்திரம் இருக்கிறதா என்பதையும் யோசிக்க வேண்டும்.

தடை போட்டால் ஒளிந்து ஆடுவான் என்பது அடுத்த வாதம். ஆடத்தான் செய்கிறான். பரிசுச்சீட்டுத் தடைக்குப் பிறகும் மூன்று நம்பர் சீட்டு திருட்டுத்தனமாக ஓடுகிறது. கைபேசியிலும் வெளிநாட்டிலிருந்து இழுக்கும் செயலிகள் வரும். ஆனாலும் கதவில் தாழ்ப்பாள் போடுவது வீண் என்று யாரும் சொல்வதில்லை. ஆயிரம் பேர் நடக்கும் சாலையோரம் கிணறு திறந்து கிடந்தால் விழுகிறவர் பலர். மூடி போட்டால், மூடியைத் தூக்கிப் பார்க்கிறவன் மட்டுமே விழுவான்.

அரசு போடுகிற வேலி வெளிவேலி. கலி உள்ளேயும் இருக்கிறது. உழைக்காமல் ஒரே இரவில் எல்லாம் சரியாகிவிடும் என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் சொல்கிறதே, அதுதான் கலிமாய்கை. அந்தக் குரலைச் சட்டம் நிறுத்த முடியாது. கூட்டு வாழ்க்கைதான் நிறுத்தும். கடன் பட்டதைச் சொல்ல ஒரு வீடு, கேட்க ஒரு அண்ணாச்சி, திட்டாமல் உட்கார வைக்க ஒரு தாங்கல் வேண்டும்.

மூட்டையும் தம்பியும்

தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதுதான் தர்மம் என்று அய்யாவழி மக்கள் சிறுவயது முதல் கேட்டு வளர்கிறார்கள். சூதில் தோற்றவன் தாழ்ந்து கிடப்பவனா, அல்லது தானே குழி வெட்டி விழுந்தவனா? "அவனாத் தேடிக்கிட்டது" என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். ஆடுபவனைத் தண்டிக்காத சட்டம்கூட அப்படிச் சொல்லவில்லை. அய்யா பிள்ளைகள் சொல்லலாமா? எப்படி விழுந்தான் என்று தூக்கிவிட்ட பிறகு கேட்கலாம்.

அவன் கடனைத் தாங்கல் அடைக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கையில் பணம் கொடுத்தால் அது மறுபடியும் மேசைக்குத்தான் போகும். அவன் வீட்டாரோடு உட்கார்ந்து கணக்கு எழுதலாம். வங்கிப் பணத்தை மனைவியோ தாயோ பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். மருத்துவரிடம் கூட்டிப் போகலாம், இதற்கும் சிகிச்சை உண்டு. தினமும் ஒரு வேலையைக் கையில் கொடுக்கலாம். இவையெல்லாம் காசு கேட்காத உதவிகள், ஆனால் ஆள் வேண்டும்.

சரி, அந்த அரிசி மூட்டை? காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம் என்று விலக்கியது அய்யாவின் வழி. பணம் எவ்வளவு என்று அங்கே பார்ப்பதில்லை. எந்தக் கண்ணீரின் மேல் ஏறி வந்தது என்று பார்க்க வேண்டும். யாரோ ஒருவன் வீட்டு உலையில் இல்லாமல் போன அரிசி அது. அதை இன்னொருவன் பசிக்குப் போட்டால், ஓர் இலையிலிருந்து எடுத்து இன்னோர் இலையில் வைத்தது போலாகும். அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்துவிட்டால் நாளைக்கு அவன் இன்னும் பெரிய மூட்டை கொண்டுவர ஆசைப்படுவான், அதற்காக இன்னும் அதிகம் ஆடுவான். அரசாங்கங்கள் விழுந்த குழியும் இதுவே.

ஆகவே மூட்டையை வாங்க வேண்டாம். தம்பியைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். "மூட்டை உன் வண்டியிலேயே இருக்கட்டும். வந்து முதல்ல சாப்பிடு" என்று பந்தியில் உட்கார வைக்க வேண்டும். சாப்பிட்டு எழுந்ததும் வாளியைக் கையில் கொடுத்து அடுத்த பந்திக்குப் பரிமாறச் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம் வந்ததும், உழைத்த காசில் ஒரு படி அரிசி கொண்டுவந்தால் போதும் என்று சொல்ல வேண்டும். போகும்போது பள்ளியறைக் கண்ணாடி முன் அவன் ஒரு நிமிடம் நிற்கட்டும். அங்கே தெரியும் முகத்துக்குப் பின்னால், தோற்றுப் போன அந்தப் பத்துப் பேர் முகமும் தெரிந்தால், வேறு வேலி அவனுக்குத் தேவைப்படாது.

சூதுக்கு அளவு உண்டா என்று கேட்டோம். சந்தை வைக்கும் அளவு, பணம் தீரும் வரை. சட்டம் வைக்கும் அளவு, கண்ணுக்குத் தெரியும் வரை. தர்மம் வைக்கும் அளவு ஒன்றுதான்: தொடாதிருப்பது, தொட்டு விழுந்தவனைத் தொட்டுத் தூக்குவது.

அய்யா உண்டு.